காற்று எங்கிருந்து வருகிறது?

டர்போ காரை மாற்றியமைக்க நினைப்பவர்கள் பூஸ்ட் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் இன்டேக் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும்.

1995 அக்டோபரில் ஸ்பெயினில் நடந்த கட்டலோனியா ராலியில் டொயோட்டா அணியின் செலிகா ஜி.டி.ஃபோர் கார்களில் ஒரு மோசடி பிடிபட்டது. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஓடும் டர்போ கார்களின் சக்தியைக் கட்டுக்குள் வைக்க, டர்போவின் வாயில் 34 மி.மீ. விட்டமுள்ள ஒரு வளையம் இருக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் அந்த வளையத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். டொயோட்டாவின் டர்போவில் ஹோஸை மாட்டி கிளாம்ப்பை முறுக்கினால், உள்ளே மறைந்திருந்த ஸ்பிரிங்குகள் வளையத்தைச் சுமார் 5 மி.மீ. நகர்த்திவிடும். அந்த இடுக்கு வழியாகக் காற்று வளையத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழையும். சோதனைக்காக ஹோஸைக் கழற்றினாலோ வளையம் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இதனால் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகக் காற்று போனது, சுமார் 50 குதிரைத்திறன் கூடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். டொயோட்டாவுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதன் ஓட்டுநர்கள் அந்த ஆண்டு சேர்த்த புள்ளிகளும் பறிபோயின.

பூஸ்ட்டைக் கூட்டுவது அந்த அணிக்குக் கைவந்த வேலை. அப்படியிருந்தும் பேரையும் புகழையும் பணயம் வைத்து 5 மி.மீ. இடுக்குக்கு ஏன் ஆசைப்பட்டார்கள்? ஒரு குறுகலான வாயில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் டர்போ எவ்வளவு வலுவாக இழுத்தாலும் ஒரு கிராம்கூட அதிகம் வராது. 34 மி.மீ. வளையத்தில் அந்த எல்லை நொடிக்குச் சுமார் 200 கிராம் காற்று. அந்த எல்லையை எட்டிய பிறகு, அதிக சுழற்சியில் கிடைக்கும் உச்ச சக்தியைக் கூட்ட பூஸ்ட்டால் முடியாது. உள்ளே வரும் காற்றின் எடைதான் சக்தியின் உச்சவரம்பு என்பது அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் டர்போ பெட்ரோல் காரை வாங்கிய ஆறாம் மாதத்திலேயே ரீமேப் செய்ய, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுத, கிளம்பும் இளைஞர்களிடமும், அவர்களுக்கு ஃபைல் ஏற்றித்தரும் கடைகளில் பலவற்றிலும் இல்லாமல் போவது இந்தத் தெளிவுதான். அங்கே பேச்சு எல்லாம் எத்தனை பார் பூஸ்ட், எத்தனை பி.எஸ்.ஐ. என்பதிலேயே சுற்றுகிறது. டியூனிங் வேலையின் வரிசையே தலைகீழாக நடக்கிறது என்பது என் வாதம். காற்று எங்கிருந்து, எந்த வெப்பத்தில், எவ்வளவு தடையைத் தாண்டி வருகிறது என்பதை முதலில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காற்றைச் சரியாக அளக்க எஞ்சின் கணினியான ஈ.சி.யூ.வுக்கு வழிசெய்வது அடுத்த வேலை. பூஸ்ட்டில் கை வைப்பது இவை இரண்டும் முடிந்த பிறகுதான்.

பூஸ்ட் மீட்டர் காட்டும் எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது எஞ்சினுக்குள் போன காற்றின் அளவு அல்ல. டர்போ தள்ளிவிட்ட காற்று இன்டேக் வால்வுக்கு வெளியே எவ்வளவு நெருக்கியடித்து நிற்கிறது என்பதன் அளவு. திருவிழா நாளில் கோயில் வாசலில் நிற்கும் நெரிசலை வைத்து எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அகலமான வாசலை வைத்துவிட்டால் நெரிசல் குறையும், உள்ளே போகிறவர்கள் கூடுவார்கள். எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. அதே டர்போ அதே அளவு காற்றைத் தள்ளும்போது, சிலிண்டர் ஹெட்டின் போர்ட்டுகளைச் செப்பனிட்டு நல்ல கேம்ஷாஃப்ட் போட்டால், பூஸ்ட் மீட்டரின் முள் இறங்கும், சக்தி ஏறும். முள் இறங்கியதைப் பார்த்துப் பதறி, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை இறுக்குகிறவர் தன் எஞ்சின் கொடுத்த நல்ல செய்தியைக் கெட்ட செய்தியாகப் படித்துக்கொள்கிறார்.

டர்போவின் ஆரம்பகால வரலாறும் காற்றின் எடையைப் பற்றியதுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், 4,300 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில் 230க்கு இறங்கிவிட்டது. டர்போவை இணைத்ததும் 356 வந்தது. மலை பறித்துக்கொண்ட காற்றை டர்போ திருப்பிக் கொடுத்தது. அந்தச் சோதனையின் வெற்றியைக் குதிரைத்திறனில்தான் அளந்தார்கள். அழுத்தம் வெறும் கருவி.

அந்தக் கருவிக்கு ஒரு விலை உண்டு. காற்றை அமுக்கினால் சூடாகும், சூடானால் விரியும், விரிந்தால் ஒரே இடத்துக்குள் குறைந்த எடைதான் அடங்கும். 30 டிகிரி வெயிலில், 70 சதவீதத் திறனுள்ள ஒரு நல்ல கம்ப்ரஸர், காற்றின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் காற்றின் வெப்பம் சுமார் 125 டிகிரியாக இருக்கும். அழுத்தம் 100 சதவீதம் கூடியபோது காற்றின் அடர்த்தி 52 சதவீதம்தான் கூடியிருக்கும். மீதிப் பாதி வெப்பத்தில் கரைந்துபோயிற்று. இப்போது அதே டர்போ எஞ்சின் பேயிலிருந்து, ரேடியேட்டருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவே நிற்கும் 60 டிகிரிக் காற்றை இழுக்கிறது என்றால், வெளிவரும் வெப்பம் 164 டிகிரியைத் தொடும். உள்ளே போகும்போது இருந்த 30 டிகிரி வித்தியாசம், வெளியே வரும்போது 39 டிகிரியாக வளர்ந்துவிட்டது. டர்போ காற்றைப் பெருக்குவதைப் போலவே தவற்றையும் பெருக்குகிறது. இன்டேக்கின் வாய் எங்கே இருக்கிறது என்ற கேள்வியின் எடை இந்த இடத்தில்தான் தெரியும்.

தடையும் இப்படித்தான். அடைத்துப்போன ஃபில்டரும் கோணலான குழாயும் சேர்ந்து டர்போவின் வாயில் அழுத்தத்தை வெறும் 0.05 பார் குறைத்தால் போதும், அதே பூஸ்ட்டை எட்ட கம்ப்ரஸர் 2 மடங்குக்குப் பதிலாக 2.1 மடங்கு அமுக்க வேண்டியிருக்கும். காற்று இன்னும் 8 டிகிரி சூடாகும். அந்தக் கூடுதல் உழைப்புக்கான ஆற்றல் எக்ஸாஸ்ட்டிலிருந்து வர வேண்டும். அதனால் அங்கே பின்னழுத்தம் ஏறி, எரிந்த வாயுவில் ஒரு பகுதி சிலிண்டரை விட்டு வெளியேறாமல் தங்கிவிடும். மீட்டரில் பூஸ்ட் அதே எண்ணாகத்தான் நிற்கும்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, ‘அதற்குத்தான் இன்டர்கூலர் இருக்கிறதே’ என்பது. நியாயமான மறுப்புதான். 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் 125 டிகிரியை 58க்கும், 164 டிகிரியை 70க்கும் இறக்கிவிடும். 39 டிகிரியாக இருந்த வித்தியாசம் 12க்குச் சுருங்குகிறது. ஆனாலும் அந்த 12 டிகிரி ஒன்றுமில்லாத சங்கதி அல்ல. அடர்த்தியில் மூன்றரை சதவீதம் போகிறது, அதைவிட முக்கியமாக, கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்குக்கு முன்னுள்ள இடைவெளி சுருங்குகிறது. தவிர, அந்த 70 சதவீதம் கார் ஓடிக்கொண்டிருந்தால்தான். சென்னையின் கிண்டி மேம்பாலத்தடியில் பத்து நிமிடம் நின்ற காரில் இன்டர்கூலரே சூடேறிப்போயிருக்கும். சிக்னல் விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அது காற்றைக் குளிர்விக்கும் நிலையில் இருக்காது.

இன்டர்கூலரின் இடமும் ஒரு தேர்வுதான். 1990களில் ஜப்பானின் இரண்டு கார்கள் ஒரே களத்தில் எதிரெதிர் வழிகளில் போயின. சுபாரு தன் இம்ப்ரெஸாவில் இன்டர்கூலரை எஞ்சினின் தலைமேல் வைத்து, பானெட்டில் ஒரு துளை போட்டுக் காற்றைக் கொடுத்தது. மிட்சுபிஷி தன் லான்சர் எவல்யூஷனில் அதை முன் பம்பருக்குள் வைத்தது. இரண்டிலும் இரண்டு லிட்டர் டர்போ, இரண்டும் நான்கு சக்கர ஓட்டம். சுபாருவின் வழியில் குழாய் குட்டை, நிரப்ப வேண்டிய இடம் குறைவு, ஆக்சிலேட்டருக்குப் பதில் உடனே வரும். ஆனால் கார் நின்றால் எஞ்சினின் வெப்பம் முழுவதும் அதன் மேல்தான் ஏறும். மிட்சுபிஷியின் வழியில் காற்று நன்றாகக் குளிரும், ஆனால் நீண்ட குழாயைச் சுற்றி வர வேண்டும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றிலும் பங்கு போகும். எது சிறந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதே டியூனிங்கின் முதல் முடிவு என்பதை இந்த இரண்டு கார்களும் காட்டுகின்றன.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. கம்பெனி கொடுத்த இன்டேக்கே போதும், வெளியே விற்கும் கூம்பு ஃபில்டர்களால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறாது என்பார்கள். இதில் எனக்குப் பெரும்பகுதி உடன்பாடு, இது என் வாதத்துக்கு வலுசேர்ப்பதும்கூட. பெரும்பாலான கார்களில் கம்பெனி ஏர் பாக்ஸ் முழுக்க மூடியது. அதன் வாய் ஹெட்லைட்டுக்கு அருகிலோ பானெட் பூட்டுக்கு முன்னாலோ, வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எஞ்சின் பேயின் நடுவே ஓப்பன் ஃபில்டரை மாட்டுவது, பல நேரங்களில் காசு கொடுத்துச் சூடான காற்றை வாங்குவதுதான். இங்கே ஏமாற்றுவது காது. மூடிய பெட்டி அடக்கிவைத்திருந்த டர்போவின் உறிஞ்சல் சத்தம் திடீரென்று கேபினுக்குள் கேட்கும்போது, பிக்கப் கூடிவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது.

இன்டேக் குழாயை மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வினை நடக்கிறது. பல கார்களில் ஏர் பாக்ஸை அடுத்த குழாயில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உட்கார்ந்திருக்கும். சூடாக்கப்பட்ட ஒரு நுண்ணிய கம்பியையோ தகட்டையோ காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து அது காற்றின் எடையைச் சொல்கிறது. அது தொட்டுப் பார்ப்பது குழாயின் ஒரு சிறு பகுதியில் ஓடும் காற்றை மட்டுமே. முழுக் குழாய்க்குமான கணக்கு, கம்பெனி வைத்த விட்டத்தை நம்பிப் போடப்பட்டது. 70 மி.மீ. குழாயைக் கழற்றி 77 மி.மீ. குழாயைப் போட்டால் அதன் பரப்பு 21 சதவீதம் கூடும், காற்றின் வேகம் குறையும், சென்சார் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகச் சொல்லும். ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். எஞ்சின் மேல் பாரம் குறைவு என்று நினைத்து இக்னிஷன் டைமிங்கை முன்தள்ளவும் செய்யும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைத் திருத்திவிடும். பழைய கார்கள் பலவற்றில் முழு ஆக்சிலேட்டரில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. எஞ்சினுக்கு ஆபத்து அதிகமான அதே நொடியில் கலவை மெலிந்தும் டைமிங் முந்தியும் நிற்கும். எண்ணெய் பூசிய ஃபில்டரிலிருந்து பறக்கும் பிசுக்கு சென்சாரில் படிந்தாலும் அளவு தவறும். இன்டேக்கை மாற்றுவதும் டியூனிங்கும் வேறு வேறு வேலைகள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

‘ரீமேப் மட்டும் செய்தாலே 20, 30 சதவீதம் சக்தி கூடுகிறதே, டைனோ சீட்டே இருக்கிறதே’ என்பது மூன்றாவது மறுப்பு. கூடுகிறது என்பது உண்மை. கம்பெனி தன் டர்போ எஞ்சினில் ஓர் ஓரம் ஒதுக்கிவைத்திருக்கிறது, ரீமேப் அதைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது. ஆனால் அந்த ஓரம் கேட்பாரற்றுக் கிடந்த புதையல் அல்ல. மே மாத வெயில், கலப்படப் பெட்ரோல், ஓராண்டாக மாற்றாத ஃபில்டர், ஐந்து பேரும் சாமான்களுமாக மலையேறும் நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த இருப்பு அது. சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தில் கார் நிற்பது பானெட் திறந்தபடி, முன்னால் பெரிய மின்விசிறி ஓட, சில நொடி ஓட்டங்களுக்கு. எக்ஸ்பிரஸ்வேயில் அரை மணி நேரம் ஓடிய காரின் இன்டேக் வெப்பத்தை அந்தச் சீட்டு சொல்லாது. இருப்பின் ஒரு பகுதியைச் சூடான இன்டேக் ஏற்கெனவே தின்றிருந்தால், ரீமேப் அதே இருப்பை இரண்டாம் முறை எடுக்கிறது.

அப்போது வருவதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் சிலிண்டரின் ஓரத்தை அடைவதற்குள், அங்கே எரியாமல் காத்திருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி பிஸ்டனின் ரிங் விளிம்புகளை உடைக்கும். 1980களின் தொடக்கத்திலேயே ஸ்வீடனின் ஸாப் கார் கம்பெனி, நாக்கிங்கைச் சென்சாரால் கேட்டுப் பூஸ்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்றைய ஈ.சி.யூ.க்கள் முதலில் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கின்றன. எஞ்சினைக் காக்கிற ஏற்பாடு என்றாலும், இது ரீமேப்பின் பலனையே தின்றுவிடும். டைமிங் பின்வாங்கினால் எக்ஸாஸ்ட் சூடாகும், இழுவை குறையும், பூஸ்ட் மட்டும் மீட்டரில் கம்பீரமாக நிற்கும். 1.4 பாரில் டைமிங் பின்வாங்கிய எஞ்சினைவிட, 1.1 பாரில் குளிர்ந்த காற்றோடு ஓடும் அதே எஞ்சின் கோடை மதியத்தில் நன்றாக இழுப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. பெட்ரோலில் எத்தனால் சேர்வது நாக்கிங்கை எதிர்ப்பதில் துணைசெய்யும். ஆவியாகும்போது எத்தனால், பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கேற்ப இன்ஜெக்டர்கள் அதிகம் பீய்ச்ச வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஃபார்முலா ஒன் கார்களைக் காட்டி, பூஸ்ட்தான் எல்லாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 1980களின் நடுவில் அங்கே பூஸ்ட் வெறியாட்டம் ஆடியது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தின் உச்சமான கார் பிறந்தது பூஸ்ட் மிகக் குறைக்கப்பட்ட ஆண்டில். 1987இல் 4 பார் வரை இருந்த அனுமதி 1988இல் 2.5 பார் ஆனது, ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் எரிபொருள்தான். அந்த ஆண்டு ஹோண்டா எஞ்சினோடு ஓடிய மெக்லாரன் எம்.பி.4/4, 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. அழுத்தம் 37 சதவீதத்துக்கு மேல் வெட்டப்பட்டபோதும் ஹோண்டா எஞ்சினின் சக்தி சுமார் 1,010 குதிரைத்திறனிலிருந்து 685க்கு, அதாவது 32 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கியது. மீதியை எரிபொருளிலும் கம்ப்ரஷனிலும் வெப்பத்திலும் செய்த நுணுக்கம் மீட்டது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது. எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஹோண்டா இன்டேக் காற்றைச் சுமார் 70 டிகிரியில் வேண்டுமென்றே சூடாக வைத்தது, 84 சதவீதம் டொலுயீன் கொண்ட அந்த எரிபொருள் நன்றாக ஆவியாக வேண்டும் என்பதற்காக. முழுச் சக்தி தேவைப்பட்டபோது காற்றைக் குளிரவிட்டது. ஆகவே குளிர்ந்த காற்று எப்போதும் வேண்டும் என்பதுகூட ஒரு சூத்திரம் இல்லை. வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அதைக் கைக்குள் வைத்திருப்பதுதான் டியூனிங்.

டீசல் காருக்கு நாக்கிங் பயம் இந்த வடிவில் கிடையாது. ஆனால் காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டிய ரீமேப், பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகையாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறி டர்போவின் ஆயுளைக் குறைக்கும்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயைப் பம்பரின் அடிக்கு இறக்குகிறவர்கள் நம் ஊர் மழையை நினைவில் வைக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கிடைப்பது குளிர்ந்த காற்றுதான், தூசியும் தண்ணீரும் கலந்த காற்று. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் உறிஞ்சுவது தண்ணீரை. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராட் வளையும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையின் சாலைகளில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று பார்த்தவர்களுக்கு, கம்பெனி ஏன் இன்டேக் வாயைப் பானெட்டின் விளிம்புவரை தூக்கி வைக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. நீரில் மூழ்காத நாளிலும், நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளை நெருங்கும் கம்ப்ரஸர் சக்கரத்தில் மோதும் நீர்த்துளிகளும் மணல் துகள்களும் அதன் இறக்கைகளை அரிக்கும். நல்ல இடம் என்பது உயரமாகவும், எஞ்சின் வெப்பத்திலிருந்து மறைக்கப்பட்டும், வெளிக்காற்று நேராகப் படும்படியும் இருப்பது. பல கார்களில் அது கம்பெனி வைத்த அதே இடம்தான். அங்கே போகும் குழாயை மழமழப்பாக்கி, பெட்டியின் இணைப்புகளை இறுக்கி, இன்டர்கூலரைச் சற்றுப் பெரிதாக்குவதே பாதி வேலை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவான வாகனத்தின் அடிப்படை அம்சங்களை அனுமதியின்றி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடைவிதிக்கிறது. 2019 திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. இந்த வேலையில் உண்மையான ஆர்வமுள்ளவர்களுக்கு சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றில் இன்டேக் வெப்பம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அங்கே அளந்து பார்க்க முடியும். பொதுச் சாலையில் அந்தச் சோதனைக்கு இடமில்லை.

அளக்க வேண்டிய இடங்களில் மலையும் ஒன்று. கோவையில் 32 டிகிரியில் 2 பார் முழு அழுத்தத்துக்கு டியூன் செய்த கார் ஊட்டிக்குப் போகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 77 சதவீதம்தான். அதே 2 பாரை எட்ட கம்ப்ரஸர் கோவையில் 2.07 மடங்கு அமுக்கினால் போதும், ஊட்டியில் 2.6 மடங்கு அமுக்க வேண்டும். வெளியே 15 டிகிரிக் குளிர் என்றாலும், டர்போவை விட்டு வெளிவரும் காற்று கோவையில் 133 டிகிரி, ஊட்டியில் 144 டிகிரி. குளிர்ப் பிரதேசத்தில் எஞ்சினுக்குக் காற்று அதிகச் சூடாக வருகிறது, டர்போ தன் வேக எல்லையை நெருங்கிச் சுழல்கிறது, பூஸ்ட் மீட்டர் இவை எதையும் காட்டாது. கம்பெனியின் மேப்பில் உயரத்துக்கேற்ப அழுத்தத்தை இறக்கும் அட்டவணை உண்டு. ரீமேப் செய்கிறவர் அந்த அட்டவணையைத் தொட்டாரா, தொட்டிருந்தால் எவ்வளவு மாற்றினார், இன்டேக் வெப்பம் ஏறினால் டைமிங்கை எங்கே பின்வாங்க வைத்திருக்கிறார் என்று ஃபைலை ஏற்றுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும். பதில் சொல்ல மறுக்கிற கடையில் சாவியைக் கொடுக்கக் கூடாது.